பாஸாகலாம் வாங்க: 'பச்சை'ன்னா பச்சை இல்லை!

போன மாசம் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு போன். "சார், நாங்க ஏழு பேர் சேர்ந்து பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறோம். கணக்கு ஓகே. ரீசனிங் ஓகே. காம்ப்ரிஹென்ஷன் வந்தா மட்டும் எல்லாரும் அவுட். ஒரு ஞாயித்துக்கிழமை வர முடியுமா சார்?" பேசியது பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி.

எனக்கு அருப்புக்கோட்டை. ஆனைக்குட்டம் ஒண்ணும் தூரமில்லை. கிளம்பிட்டேன்.

சிவகாசிப் பக்கம் போயிருக்கிறவங்களுக்கு இந்த ஊரைத் தெரிஞ்சிருக்கும். அர்ஜுனா நதிக்குக் குறுக்கே அணை கட்டியிருக்கிற ஊர். 'நதி'ன்னதும் காவிரி மாதிரி கற்பனை பண்ணிடாதீங்க. மழை வந்தா நதி, இல்லைன்னா கருவேல மரம். சுத்துவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள். அந்தப் பக்கத்து ஜனங்க அதைப் 'பயர் ஆபீஸ்'னு சொல்லுவாங்க. தீயணைப்பு நிலையம்னு நினைச்சுட்டு வெளியூர்க்காரங்க முழிக்கிறது வழக்கம். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பயர் ஆபீஸ் வேலை. ஒரு தம்பி வீட்டில் ஆடு. இன்னொரு பொண்ணு வீட்டில் மளிகைக்கடை.

சரி, பசங்களுக்குத் தெரிஞ்ச சப்ஜெக்டா இருக்கட்டும்னு பசுமைப் பட்டாசு பற்றி ஒரு பத்தி, ஐந்து கேள்வி தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். ஆளுக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்கி, ஒரு தெம்பு வரட்டும், அப்புறம் கஷ்டமானதுக்குப் போகலாம்னு கணக்கு.

ரிசல்ட் என்ன தெரியுமா? ஆட்டுக்காரத் தம்பி நாலு. மளிகைக்கடை நாலு. பயர் ஆபீஸ் வீட்டுப் பிள்ளைங்க ஐந்து பேரும் ரெண்டைத் தாண்டலை!

இந்த வாரம் அந்தப் பத்தியையே எடுத்துக்குவோம். பரீட்சையில் இங்கிலீஷில் வரும். இங்கே தமிழில் தர்றேன், ஏன்னா கண்ணி எந்த பாஷையில் வெச்சாலும் கண்ணிதான். பேனா எடுத்துக்கோங்க. வாட்ச்சைப் பார்த்துக்கோங்க. ஐ.பி.பி.எஸ். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். அந்த ரேட்டில் பார்த்தா நம்ம பத்திக்கும் ஐந்து கேள்விக்கும் சேர்த்து மூணு நிமிஷம் இருபது செகண்டுதான். முதல் தடவைங்கிறதால எட்டு நிமிஷம் எடுத்துக்கோங்க.

பத்தி இதுதான்:

"2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பட்டாசுகளை முற்றிலும் தடை செய்யவில்லை. குறைவான புகையை வெளியிடும் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றது. பேரியம் உப்புகள் சேர்த்த பட்டாசுகளுக்கும் சரவெடிகளுக்கும் அனுமதி மறுத்தது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்று நேரமும் குறித்தது. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான 'நீரி', பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என அவை பெயரிடப்பட்டன. இவற்றில் ஸ்வாஸ், வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்குகிறது. வெடியுப்பும் கந்தகமும் இதில் இல்லை. சஃபல் வகையில் அலுமினியத்தின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. வழக்கமான பட்டாசுகளுடன் ஒப்பிடும்போது, பசுமைப் பட்டாசுகள் காற்றில் கலக்கும் நுண்துகள்களைக் குறைந்தபட்சம் 30 சதவீதம் குறைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. 2019 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சர் ஹர்ஷ் வர்தன் இவற்றை அறிமுகப்படுத்தினார். போலிகளைக் கண்டறிய பெட்டியில் பசுமை முத்திரையும் க்யூஆர் கோடும் இடம்பெற்றன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம்தான். ஆனால், புகை குறைவு என்பதைப் புகையே இல்லை என்று எடுத்துக்கொண்டு இரு மடங்கு வெடித்தால், பழைய பட்டாசே தேவலை என்றாகிவிடும்."

படிச்சாச்சா? கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். 'முதலில் கேள்வியைப் படி, அப்புறம் பத்தியைப் படி'ன்னு எல்லா கோச்சிங் சென்டரிலும் சொல்லித் தர்றாங்க. பாதி சரி. கேள்வியை மட்டும் படிங்க, ஆப்ஷனைப் படிக்காதீங்க. நாலு ஆப்ஷனையும் முதல்லயே படிச்சா, மூணு பொய்யை மனசில் ஏத்திக்கிட்டு பத்திக்குள்ள போறீங்கன்னு அர்த்தம். அந்தப் பொய் எல்லாம் உள்ளே உட்கார்ந்துக்கிட்டு, 'என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குல்ல?'ன்னு கேட்கும். பார்த்தது பத்தியில் இல்லை பாஸ், ஆப்ஷனில்!

கேள்வி 1. பத்தியின்படி, 2018 தீர்ப்பைப் பற்றிச் சரியானது எது?

(அ) நாடு முழுவதும் எல்லாப் பட்டாசுகளும் தடை செய்யப்பட்டன.
(ஆ) குறைவான புகை வெளியிடும் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி அளிக்கப்பட்டது.
(இ) சரவெடிகளுக்கு அனுமதி. பேரியத்துக்கு மட்டும் தடை.
(ஈ) தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரை வெடிக்க அனுமதி அளிக்கப்பட்டது.

பயர் ஆபீஸ் ஐந்து பேரில் மூணு பேர் (அ). ஒருத்தர் (ஈ). ஏன் இப்படி?

(அ) போட்ட ஒரு தம்பிகிட்ட கேட்டேன். "சார், அந்த வருஷம் தீபாவளி முடிஞ்ச கையோட சிவகாசியில ஆபீஸ் எல்லாம் மூடிட்டாங்க. மாசக்கணக்கா அப்பாவுக்கு வேலை இல்லை. தடைன்னுதானே எல்லாரும் பேசினாங்க?"ன்னு சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அப்போ ஆலைகள் பல மாசம் மூடித்தான் கிடந்தன. அவங்க வீட்டில் உலை வெச்சவங்களுக்கு அது தடைதான். ஆனா தீர்ப்பில் இருந்த வார்த்தை 'எல்லா' இல்லை. இந்த 'எல்லா'வை நம்ம பசங்க மட்டும் சேர்த்துப் படிக்கலை. 2021 அக்டோபர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றமே, 'பட்டாசுக்கு முழுத் தடை இல்லை, பேரியம் மாதிரி தடை செய்யப்பட்டதுக்குத்தான் தடை'ன்னு திரும்ப விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அதே நாளில் கல்கத்தா உயர் நீதிமன்றம் மேற்கு வங்கத்தில் எல்லாப் பட்டாசுக்கும் தடை போட, நவம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'எல்லா'வுக்கும் 'சில'வுக்கும் நடுவில் எத்தனை குடும்பத்தோட சோறு இருக்கு பாருங்க.

(ஈ) போட்ட தங்கச்சி இன்னும் சுவாரஸ்யம். "சார், நம்ம ஊர்ல காலையில ஆறுல இருந்து ஏழு, சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு. எனக்கு நல்லாத் தெரியும்." தெரியும்தான்! தமிழ்நாட்டில் நாம தீபாவளியை விடியக்காலையில் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுக் கொண்டாடுறவங்க, ராத்திரி எட்டு மணிக்கு வெடின்னா எப்படின்னு தமிழக அரசு போய்க் கேட்டது. 2018 அக்டோபர் 30-ம் தேதி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாம நேரத்தை நீங்களே முடிவு பண்ணிக்கோங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்ல, தமிழ்நாட்டுக்குக் காலை 6-7, இரவு 7-8 ஆச்சு. நிஜ வாழ்க்கையில் (ஈ) சரி. பத்தியில் அது இல்லை. மார்க் கிடையாது.

விடை (ஆ). ஆட்டுக்காரத் தம்பி கரெக்டா (ஆ) போட்டிருந்தார். எப்படிப்பான்னு கேட்டா, "எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே, அதில என்ன எழுதியிருக்கோ அதைப் பார்த்துப் போட்டேன்"னார். இந்த வாரப் பாடத்தை அவரே எடுத்திருக்கலாம்.

கேள்வி 2. பத்தியில் 'பசுமை' என்ற சொல் எதைக் குறிக்கிறது?

(அ) பச்சை நிற ஒளியுடன் எரிவதை.
(ஆ) பச்சை நிறப் பெட்டியில் விற்கப்படுவதை.
(இ) காற்று மாசு குறைவாக இருப்பதை.
(ஈ) இயற்கைப் பொருட்களால் மட்டும் தயாரிக்கப்படுவதை.

சிரிக்காதீங்க. இது ஈஸின்னு தோணும். ஆனா (ஈ) போட்டவங்க ரெண்டு பேர். 'பசுமை', 'இயற்கை', 'ஆர்கானிக்' எல்லாத்தையும் ஒரே கூடையில் போட்டுப் பழகிட்டோம். அதோட (ஈ)-யில் 'மட்டும்'னு ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கு. ஆப்ஷனில் 'மட்டும்', 'எல்லா', 'ஒருபோதும்', 'எப்போதும்' வந்தா உடனே பத்திக்குப் போய், அதே கனத்தில் ஒரு வார்த்தை அங்கே இருக்கான்னு பாருங்க. இருந்தா சரி. கேள்வி 1-ல் விடையிலேயே 'மட்டும்' இருந்தது, பத்தியிலும் 'மட்டுமே' இருந்தது. அதனால, 'மட்டும்' வந்தாலே அடிச்சுடுன்னு யாராவது ஷார்ட்கட் சொன்னா நம்பாதீங்க.

கெமிஸ்ட்ரி படிக்கிற தம்பி ஒருத்தர் இந்த இடத்தில் கை தூக்கினார். "சார், ஒரு காமெடி. ப்ளஸ் டூ லேப்ல ஃப்ளேம் டெஸ்ட் பண்ணினா பேரியம்தானே பச்சையா எரியும்? பேரியத்துக்குத் தடைன்னா, பசுமைப் பட்டாசுல பச்சை கலருக்குப் பேர்போன உப்புக்கே தடையா?"

சபாஷ்! அதேதான். பட்டாசில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம்னு ரொம்ப காலமா வழக்கம். பேரியம் நைட்ரேட் கலருக்கு மட்டுமில்லை, கம்பி மத்தாப்பில் எரியறதுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற வேலையையும் அதுதான் பார்த்தது. அதனால்தான் அதை விட்டுட்டு மத்தாப்பு செய்யறது தொழிலுக்குப் பெரிய தலைவலி. பசுமைக் கலவையோடு சேர்த்தாவது பேரியத்துக்கும் சரவெடிக்கும் அனுமதி கொடுங்கன்னு கேட்டதையும் 2023 செப்டம்பர் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. ஆக, பச்சையா எரியறது பசுமை இல்லை. விடை (இ).

கேள்வி 3. வழக்கமான பட்டாசு வெளியிடும் நுண்துகள் 100 பங்கு என்றால், பசுமைப் பட்டாசு வெளியிடும் என எதிர்பார்க்கப்படுவது எவ்வளவு?

(அ) 30 பங்கு.
(ஆ) சரியாக 70 பங்கு.
(இ) 70 பங்கு அல்லது அதற்கும் குறைவு.
(ஈ) 70 பங்குக்கு மேல்.

கணக்கில் புலின்னு சொன்ன பசங்க இதில் பூனை. (அ) ஒருத்தர், (ஆ) நாலு பேர்.

'30 சதவீதமாகக் குறைக்கும்' வேற, '30 சதவீதம் குறைக்கும்' வேற. நூறு ரூபா கடனை முப்பது ரூபாயாகக் குறைச்சா நான் ஃப்ரீ பர்ட். முப்பது ரூபா குறைச்சா இன்னும் எழுபது தலைமேல். இங்கிலீஷில் இந்த வித்தியாசம் 'பை', 'டூ' என்கிற ரெண்டெழுத்து வார்த்தையில் ஒளிஞ்சிருக்கும். 'ரெட்யூஸ்டு பை' வந்தா கழிங்க. 'ரெட்யூஸ்டு டூ' வந்தா அதுதான் மீதி. ஸ்பீடா படிக்கும்போது கண்ணு தாண்டிப் போற முதல் ஆளுங்க இவங்கதான்.

(ஆ) ஏன் தப்பு? 'குறைந்தபட்சம்'. குறைந்தபட்சம் 30-ன்னா 35-ம் குறையலாம், 40-ம் குறையலாம். அப்போ மீதி 70, இல்லை அதுக்கும் கீழே. விடை (இ). 'எதிர்பார்க்கப்படுகிறது' என்கிற வார்த்தையையும் கவனிச்சீங்களா? 'குறைக்கிறது'ன்னு அடிச்சுச் சொல்லலை. கேள்வியிலும் அதே 'எதிர்பார்க்கப்படுவது'. ஒருவேளை கேள்வி 'நிரூபிக்கப்பட்ட அளவு என்ன?'ன்னு கேட்டிருந்தா, நாலு விடையுமே காலி.

கேள்வி 4. கீழ்க்கண்ட கூற்று, பத்தியின்படி: 'பசுமைப் பட்டாசு தயாரிப்பதில் தொழிலாளர்களுக்கு விபத்து ஆபத்து குறைவு.'

(அ) சரி.
(ஆ) தவறு.
(இ) பத்தியில் தகவல் இல்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பயர் ஆபீஸ் ஐந்து பேரும் (ஆ). ஒருத்தர்கூடத் தயங்கலை. எனக்குப் போன் பண்ணின தங்கச்சி, (ஆ)-வைப் பேனா அழுந்த ரெண்டு சுத்து சுத்தியிருந்தது. விடை (இ)-ன்னு நான் சொன்னதும் முகம் மாறிடுச்சு.

"சார், மருந்து மருந்துதான். பச்சை லேபிள் ஒட்டியிருக்குன்னு உராய்வுக்குத் தெரியுமா?"

பட்டாசுக் கலவைக்கு அங்கே 'மருந்து'ன்னுதான் பேர். அவங்க அம்மாவுக்கு வெடிக்குத் திரி சொருகுற வேலை. வலது கை முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்பு. அதைப் பத்தி அந்தப் பொண்ணு ரொம்பப் பேசலை. பேச வேண்டியதும் இல்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததும், 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்தில் நடந்ததும் அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலிப்பட்டியில் மட்டும் 30 பேருக்கு மேல் போனாங்க. ஒரு அறையில் இத்தனை பேர்தான் வேலை பார்க்கலாம், இவ்வளவு மருந்துதான் வெச்சிருக்கலாம்னு சட்டத்தில் இருக்கு. அதை மீறினா, பெட்டியில் என்ன முத்திரை இருந்தா என்ன?

"உனக்குத் தெரிஞ்சது தப்புன்னு நான் சொல்லலைம்மா. பத்தி அதைச் சொல்லலைன்னுதான் சொல்றேன்."

"அதான் சார் கேட்கிறேன். ஏன் சொல்லலை? தீர்ப்பு வந்தது, மந்திரி வந்தார், பெட்டியில கோடு வந்தது, எல்லாம் எழுதியிருக்கீங்க. செய்யறவங்களைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

பத்தியை எழுதினது நான்தான். என்கிட்ட பதில் இல்லை. புகையைப் பத்தி எழுதணும்னு உட்கார்ந்தேன், புகையைப் பத்தி எழுதினேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது.

அப்புறம் என் கதையைச் சொன்னேன். எங்க அப்பா அருப்புக்கோட்டையில் தறி நெய்தவர். நான் எழுதின முதல் பேங்க் தேர்வில் கைத்தறியைப் பத்தி ஒரு பத்தி வந்தது. அடிச்சது லக்குன்னு நினைச்சேன். பத்தியைப் பாதிதான் படிச்சேன், மீதியை எங்க வீட்டிலிருந்து எடுத்து எழுதினேன். கூலி எப்படி, நூல் விலை எப்படி, எனக்குத் தெரியாததா? அந்தப் பத்தி கடைசியில் ஏற்றுமதியைப் பத்திப் பேசியிருக்கு. ஐந்தில் ஒண்ணு தேறுச்சு. வெளியே வந்து டீக்கடையில் பசங்களோட விடையைச் சரிபார்த்தப்போ வந்த கோபம், அந்தத் தங்கச்சியோட கோபம் மாதிரியேதான் இருந்தது. எங்க வீட்டுத் தொழிலைப் பத்தி எனக்கே தப்புன்னு மார்க் போடுறாங்களேன்னு.

இப்போ கேள்விக்கு வர்றேன். 'தவறு'ன்னு போடணும்னா, பத்தி அந்தக் கூற்றுக்கு எதிரா எதையாவது சொல்லியிருக்கணும். 'பசுமைப் பட்டாசிலும் விபத்து ஆபத்து அதே அளவுதான்'னு ஒரு வரி இருந்தா (ஆ). 'குறைந்திருக்கிறது'ன்னு இருந்தா (அ). ரெண்டும் இல்லைன்னா (இ). ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போறவங்களுக்கு இதுதான் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்'. அதில் ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் குழம்பித்தான் முக்கால்வாசிப் பேர் மார்க்கை விடுறாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரே வழி இதுதான்: (ஆ)-வைத் தொடுறதுக்கு முன்னாடி, பத்தியில் அதுக்கு ஆதாரமான வரி மேல் விரலை வையுங்க. விரல் வைக்க இடம் கிடைக்கலைன்னா (இ). யு.பி.எஸ்.சி.யின் சி-சாட் தாளில் பத்திக்கு மேலேயே, விடை பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு இருக்கணும்னு அச்சடிச்சிருப்பாங்க. நாம அதைத்தான் படிக்காமத் தாண்டிப் போறோம்.

கூற்றில் இன்னொரு தந்திரமும் இருக்கு. ஸ்வாஸில் வெடியுப்பும் கந்தகமும் இல்லைன்னு பத்தி சொல்லுது. அதைப் படிச்சதும், 'ரெண்டு கெமிக்கல் குறைஞ்சா ஆபத்தும் குறையும்தானே'ன்னு மூளை ஒரு பாலம் கட்டும். மளிகைக்கடைப் பொண்ணு (அ) போட்டது இதனால்தான். பாலம் நாம கட்டினது. பத்தி கட்டலை.

கேள்வி 5. பசுமைப் பட்டாசு குறித்து ஆசிரியரின் மனநிலை என்ன? (அ) கண்மூடித்தனமான ஆதரவு (ஆ) கடும் எதிர்ப்பு (இ) எச்சரிக்கையோடு கூடிய வரவேற்பு (ஈ) அலட்சியம்.

இதுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். 'வரவேற்கத்தக்க முன்னேற்றம்தான். ஆனால்...' இந்த 'ஆனால்' இருக்கே, அதைப் பத்தியைப் படிக்கும்போதே வட்டம் போட்டு வெச்சிருக்கணும். விடை (இ). அந்தக் கடைசி வரி சும்மா பயமுறுத்தலும் இல்லை. 30 சதவீதம் குறைஞ்சா மீதி 70. இரு மடங்கு வெடிச்சா 140. பழைய கணக்கு 100-தான்.

ஏழு பேரில் ஆறு பேர் இதைச் சரியாப் போட்டாங்க. ஆட்டுக்காரத் தம்பி மட்டும் (ஈ). "எனக்குத்தான் சார் அலட்சியம்"னு அவரே ஒப்புக்கிட்டார்.

நடுவில் டீ வந்தது. ஒரு தம்பி கேட்டார்: "தெரியலைன்னா குத்து மதிப்பா ஒண்ணு அடிச்சு விடலாமா சார்?" கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம். ஐ.பி.பி.எஸ்.ஸில் தப்புக்கு கால் மார்க் போகும், ஐந்து ஆப்ஷன். கண்ணை மூடிக்கிட்டு ஐந்து கேள்வி அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, நாலு தப்பு. ஒரு மார்க் வந்து, நாலு கால் போய், மிச்சம் சைபர். வேலைக்கு ஆகாது. ஆனா ரெண்டு ஆப்ஷனை உறுதியா நீக்கிட்டு மூணில் ஒண்ணு அடிச்சா, மூணு கேள்விக்கு ஒரு மார்க் வந்து அரை மார்க் போகும். அரை மார்க் லாபம். சி-சாட்டில் நாலு ஆப்ஷன், தப்புக்கு மூணில் ஒரு பங்கு வெட்டு. அங்கேயும் கண்மூடி அடிச்சா சைபர்தான். அதனால, சரியான விடையைத் தேடுற நேரத்துக்குச் சமமா, தப்பை நீக்கவும் நேரம் கொடுங்க. அன்னைக்கு நாங்க பார்த்த (அ), (ஆ) எல்லாம் அதுக்குத்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு கேள்வி, அதே பத்தியிலிருந்து, நாலு ஆப்ஷனோடு எழுதச் சொன்னேன். கேள்வி எழுதிப் பார்த்தாதான் கண்ணி எங்கே வைப்பாங்கன்னு புரியும். கெமிஸ்ட்ரி தம்பி சஃபல் பத்தி எழுதினார். 'அலுமினியம் இல்லாதது'ன்னு ஒரு பொய் ஆப்ஷன் வெச்சு, பத்தியில் 'குறைக்கப்பட்டுள்ளது'ன்னுதான் இருக்குன்னு மடக்கினார். கேள்வி எடுக்கிற ஆபீசர் வேலைக்கே போகலாம்.

போன் பண்ணின தங்கச்சி எழுதினது இது:

மேற்கண்ட பத்தியில் யாரைப் பற்றித் தகவல் இல்லை?

(அ) நீதிமன்றம்.
(ஆ) ஆராய்ச்சி நிறுவனம்.
(இ) அமைச்சர்.
(ஈ) பட்டாசு செய்கிறவர்.

சரியான கேள்வி. விரல் வெச்சுப் பார்த்தேன். மூணுக்கு இடம் கிடைச்சது.

உங்களுக்கு இந்த வார வேலை: வீட்டில் ஒரு மருந்துப் பெட்டியோ, உர மூட்டையோ, பஸ் டிக்கெட்டின் பின்பக்கமோ, அச்சடிச்ச ஏதாவது ஒரு காகிதத்தை எடுங்க. அதிலிருந்து மூணு கூற்று எழுதுங்க. ஒண்ணு சரி, ஒண்ணு தவறு, ஒண்ணு 'தகவல் இல்லை'. மூணாவதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்துக்கோங்க. பக்கத்தில் யாராவது ஃபிரெண்டுகிட்ட கொடுத்து விடை கேளுங்க. சண்டை வந்தா, விரல் வைக்கச் சொல்லுங்க.

அடுத்த வாரம் 'க்ளோஸ் டெஸ்ட்'. கோடிட்ட இடத்தை நிரப்புறதில் நம்ம ஆட்கள் பண்ற கூத்தைப் பார்க்கலாம். ஆனைக்குட்டம் குரூப் மறுபடியும் ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்கு. இந்தத் தடவை பத்தி அவங்க எழுதி வைக்கிறாங்களாம். விடை நான் எழுதணுமாம்.